மோட்டார் காரின் கடிகாரமும் இந்திய நேரமும்

மோட்டார் காரில் ஓட்டுநருக்கு எதிரே அமைந்த பலகையில் அளவுகாட்டிகள் பல உள்ளன. வேகத்தைக் காட்டுவது ஒன்று; பெட்ரோலின் இருப்பைக் காட்டுவது மற்றொன்று. இவற்றிடையே ஒரு மூலையில் அடக்கமாக இருப்பது கடிகாரம். மற்றவை வண்டியின் நிலையைத் தாமே அறிந்து கூறுவன. கடிகாரமோ பெரும்பாலும் நாம் சொல்லி வைத்ததையே திருப்பிச் சொல்வது. பிழையாக வைத்தால் அப்பிழையையே இரவும் பகலும் காட்டி நிற்கும். ஆதலால் அதனை எவ்வாறு சரிப்படுத்துவது, எந்த நேரத்திற்குச் சரிப்படுத்துவது என்னும் இரண்டு வினாக்களையும் இங்கே ஆராய்வோம்.

பழைய கார்களில் சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரங்கள் இருந்தன. இக்காலத்துக் கார்களில் இருப்பது குவார்ட்ஸ் கடிகாரம். அதனுள் இருக்கும் சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று என்று வரும். மின்சுற்று அவ்வாறு பாதியாக்கியே வினாடிகளை எண்ணுகிறது. இப்படிகம் 25 பாகை வெப்பத்தில் நன்கு இயங்குவது. கோடை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் பலகை 60 பாகையளவு கொதிக்குமாயின், அந்நிலை நீடிக்கும் வரை கடிகாரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு வினாடி வீதம் பிந்தும். வண்டி நின்றபோதும் கடிகாரத்திற்குப் பாட்டரியிலிருந்தே மின்சாரம் கிடைக்கிறது. பாட்டரி அடியோடு தீர்ந்தாலும், புதியது மாற்றுவதற்காகக் கழற்றப்பட்டாலும், பல கார்களில் நேரம் அழிந்து 12 மணியிலிருந்தோ 1 மணியிலிருந்தோ கணக்குத் தொடங்கிவிடும்.

சரிப்படுத்தும் முறை வண்டிக்கு வண்டி மாறுபடும். எனினும் பொதுவான வகைகள் மூன்று. சில கார்களில் மணிக்கு ஒன்றும் நிமிஷத்திற்கு ஒன்றுமாக இரு பொத்தான்கள் உண்டு. சிலவற்றில் ஒரே பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எண்கள் மின்னும். பிறகு தட்டித் தட்டி மாற்றலாம். புதிய கார்களில் தொடுதிரையில் கடிகாரப் பகுதியைத் திறந்து மாற்றவேண்டும். அங்கே நேர மண்டலம் கேட்கப்பட்டால், கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிஷம் முந்தியது என்பதைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சில கார்களில் நிமிஷத்தைச் சுழியமாக்கும் தனிப் பொத்தான் ஒன்றும் இருக்கும். அதை 10.20க்கு அழுத்தினால் 10 மணியாகும், 10.40க்கு அழுத்தினால் 11 மணியாகும். இதை அறியாதார் ஒரு மணி நேரத்தையே இழப்பர். இவை அனைத்தையும் வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே செய்தல் வேண்டும்.

வானொலியில் மணி அறிவிக்கப்படும்போது கடிகாரத்தைச் சரிபார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் இணையத்தின் வழியாக வரும் ஒலி பல வினாடிகள் பிந்தி வரும். வானலை வழியாகக் கேட்பதே தகும்.

இனி, எந்த நேரம் என்னும் வினா. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது, முற்காலத்தில் அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. மிர்ஸாப்பூருக்கு அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் 1906 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அது சென்னையின் பழைய நேரத்தைவிட ஒன்பது நிமிஷம் முந்தியது. கல்கத்தா தன் தனி நேரத்தை 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் கைவிடவில்லை. கல்கத்தா நேரம் இந்திய நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு நாழிகை முந்தியும், பம்பாய் நேரம் 39 நிமிஷம் பிந்தியும் நின்றன. இன்று புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைப் பேணி வருகிறது.

கடிகாரம் ஒன்றாயினும் கதிரவன் எல்லோருக்கும் ஒரே வேளையில் உதிப்பதில்லை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகிறது. கிழக்கே திப்ருகருக்கும் மேற்கே புஜ் நகருக்கும் இடையே 25 பாகை. அதாவது நூறு நிமிஷ வேறுபாடு. டிசம்பரில் சென்னையில் மாலை 5.45க்குச் சூரியன் மறைய, கௌஹாத்தியில் 4.30 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. மும்பையிலோ 6 மணி வரை வெளிச்சம் உண்டு. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் மனத்தில் கொள்ளவேண்டிய உண்மை இது. ஐந்து மணி என்றால் பொழுது இருக்கும் என்ற ஊர் வழக்கத்தை நம்பி, கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங் மலைப்பாதையில் பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படுவோர், பாதி வழியிலேயே இருளில் அகப்படுவர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி முந்திய தோட்ட நேரம் வழங்கி வந்ததற்கும் இதுவே காரணம். ராகு காலமும் இவ்வாறே. காலை 6 மணிக்கு உதயம் எனக் கொண்ட அட்டவணை, ஜனவரியில் 7 மணிக்கு மேல் சூரியன் உதிக்கும் மும்பைக்கு அப்படியே பொருந்தாது.

எல்லைப்புறங்களில் மற்றொரு தொல்லை உண்டு. நேபாளத்தின் நேரம் நம்முடையதைவிடக் கால் மணியும், பூட்டான், வங்காளதேசம் ஆகியவற்றின் நேரம் அரை மணியும் முந்தியவை. சிலிகுரி போன்ற பகுதிகளில் கைப்பேசி அயல்நாட்டுக் கோபுரத்தின் நேரத்தை ஏற்றுவிடக்கூடும். அதனோடு இணைந்த காரின் திரையும் அதையே காட்டும். அங்கே தானியங்கு முறையை நிறுத்திவிட்டு, நேரத்தை நாமே வைத்துக்கொள்வது நலம்.

தாமதத்தைத் தவிர்க்கவென்று கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் வைப்போர் பலர். இது பயனற்ற உபாயம். வைத்தவர் மனம் அந்தப் பத்து நிமிஷத்தை உடனே கழித்துக்கொள்ளும். அதை அறியாமல் வேறொருவர் வண்டியை ஓட்டினால், ரயில் தவறிவிடுமென்று அஞ்சி வேகத்தைக் கூட்டுவார். அவசரம் விபத்துக்கு வழி. சீக்கிரம் சேரவேண்டுமாயின் சீக்கிரம் புறப்படுவதே முறை.

ஆகவே, மாதம் ஒருமுறையும், பாட்டரி மாற்றியவுடனும் காரின் கடிகாரத்தைச் சரிபார்ப்போமாக. மணியைக் கடிகாரத்திலும், பொழுதை வானத்திலும் பார்த்துப் பயணத்தை வகுப்பவர், எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் வேளையோடு வீடு வந்து சேர்வர்.