வாயில்லாச் சீவனும் நம் வீட்டுச் சோறும்

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எதை மறந்தாலும் ஒரு பழக்கத்தை மறப்பதில்லை. மிஞ்சிய சோற்றைக் குப்பையில் கொட்ட நமக்கு மனம் வராது. ஒரு வாயில்லாச் சீவனுக்கு இட்டால்தான் ஆறுதல். ஊரிலிருந்தவரை காகமும் பசுவும் அந்தப் பங்கைப் பெற்றன. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் வசிக்கும் நமக்கு வாயிலில் வந்து நிற்பது பெரும்பாலும் நாய்தான். வீட்டுக்குள்ளேயே நாய் வளர்ப்போரும் நம்மிடையே பலர். கொடுக்கும் மனம் உயர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் நமக்கு அமுதமாக இருப்பது நாய்க்கும் அமுதமா என்று கேட்டுக்கொள்வது அதைவிட முக்கியம். நம் தமிழ்ச் சமையலறையில் இக்கேள்விக்குத் தனி அவசரமுண்டு.

முதலில் ஒரு நல்ல செய்தி. சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் கூறுவது சரியன்று. ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாயிடம் அது பலமடங்கு பெருகியிருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து, அவன் இட்டதை உண்டு, நாய் தானியத்துக்குப் பழகிவிட்டது என்பதே இதன் பொருள். நம் நாட்டு இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் கிராமங்களில் கூழும் சோறும் உண்டு வளர்ந்த இனங்களே.

ஆகவே குற்றம் சோற்றிலில்லை. சோற்றோடு சேர்வதில் இருக்கிறது.

வெங்காயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சாம்பாருக்கு மணம் தரும் சின்ன வெங்காயமாயினும் பெரிய வெங்காயமாயினும், அதிலுள்ள கந்தகப் பொருள்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை உட்சென்றால் இரத்தத்தில் மாறுதல் தோன்றும். அதாவது, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 150 கிராம் வெங்காயமே அபாய எல்லை. வேகவைத்தாலும் வதக்கினாலும் இந்நஞ்சு அழிவதில்லை. சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் தீங்கு சேர்ந்துகொண்டே போகும். பூண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வேகத்தில் வெங்காயத்துக்கு மூத்தது. நோயின் அடையாளங்கள் சில நாள் கழித்தே வெளிப்படுமாதலால், காரணம் இன்னதென்று வீட்டார் அறிவதே அரிது.

அடுத்தது புளி. இதைப் படிக்கும் சகோதரிகள் சற்று வியப்படையக்கூடும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், காரணம் விளங்காமலிருந்தது. அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021ஆம் ஆண்டில், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே குற்றவாளியாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார்கள். அடுத்த ஆண்டில், புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே விதமான சிறுநீரகக் கேடு நேர்ந்ததை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்த அமிலம் திராட்சையில் இருப்பதைவிடப் புளியில் பன்மடங்கு அதிகம். எவ்வளவு புளி எந்த நாயைக் கெடுக்கும் என்பதற்கு வரையறை இல்லை. ஒரு நாய் தாங்குவதை மற்றொன்று தாங்காது. எனவே புளியோதரை, வற்றல் குழம்பு, ரசம் ஆகியவற்றை நாயின் தட்டில் சேர்க்காதிருப்பதே விவேகம். பாயசத்திலும் கேசரியிலும் மிதக்கும் திராட்சைக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, நம் குடும்பங்களின் உயிர்நாடியான காபி. வடிகட்டியில் மிஞ்சும் சக்கையைத் திறந்த வாளியில் கொட்டிவிடுகிறோம். பால் மணமும் சர்க்கரையும் கலந்த குப்பையை நாய் கிளறுவது இயல்பே. காபியிலுள்ள கஃபீன், சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் ஆகிய இரண்டும் ஒரே இனத்து நஞ்சுகள். அவை இதயத்தைப் படபடக்கச் செய்து வலிப்பிலும் கொண்டுபோய் விடும். தியோபுரோமினில் பாதி கழியவே நாயின் உடலுக்குச் சுமார் 17 மணி நேரம் வேண்டும். பால் சாக்லேட் 100 கிராம் தின்றாலே 10 கிலோ நாய்க்கு உபாதை தொடங்கலாம். கறுப்புச் சாக்லேட்டிலோ நஞ்சு இன்னும் பன்மடங்கு. தீபாவளிக்கு வரும் பரிசுப் பெட்டிகளைக் குழந்தைகள் கீழே வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீரிழிவுக்காரர் உள்ள வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. சர்க்கரை சேராத சில சூயிங்கம்களிலும் மிட்டாய்களிலும் சைலிடால் என்ற இனிப்பு கலந்திருக்கும். மனிதருக்கு அது தீங்கற்றது. நாயின் உடலிலோ அது இன்சுலினைப் பெருக்கெடுக்கச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடக்கூடும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். சற்று மிகுந்தால் ஈரலும் பழுதாகும்.

நெய் சொட்டும் இனிப்பும் எண்ணெய் குடித்த வடையும் கணையத்தை அழற்சியுறச் செய்யலாம். ஊறுகாயும் அப்பளமும் உப்பு மிகுந்தவை. வேகவைத்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். பால் பல நாய்களுக்குச் செரிப்பதில்லை. தயிர் அதைவிட நலம்.

இனி, கொடுக்கத் தக்கவை எவை? உப்பும் தாளிப்பும் சேராத சோறு, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி இறைச்சி, வேகவைத்த பூசணி, காரட், பீன்ஸ், சிறிது வாழைப்பழம், விதை நீக்கிய ஆப்பிள் இவையெல்லாம் நல்லவை. சைவக் குடும்பத்தினர் உப்பில்லாத தயிர்ச்சாதத்தில் வெந்த காயை மசித்துச் சேர்க்கலாம். ஆனால் தயிர்ச்சாதம் ஒன்றையே நாள்தோறும் இட்டு நாயை வளர்ப்பது நன்றன்று. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதாத குட்டிக்கு எலும்பு வலுப்பெறாது. சரிவிகித உணவு ஒன்றை மருத்துவரைக் கேட்டு அமைத்துக்கொண்டு, மற்றத் தின்பண்டங்களை நாளுணவில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துவது முறை. சமையலின்போது தாளிக்குமுன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் தேவையில்லை. டெல்லியின் மே, ஜூன் மாதங்களில் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைப்பது எந்தச் சோற்றுக்கும் மேலான தானம்.

ஆகாததைத் தின்றுவிட்டால் வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், சிறுநீர் குறைதல், ஈறு வெளுத்தல் முதலியவை தோன்றலாம். அவை தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை நாடுக. வாந்தி எடுக்க வைப்பதாக எண்ணி உப்புக் கரைசலையோ புளிக் கரைசலையோ புகட்டலாகாது. அது நஞ்சின்மேல் நஞ்சு. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு சென்றால் மருத்துவருக்குப் பேருதவியாகும்.

தெருநாய்க்கு உணவிடுவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2025 ஆகஸ்டு 22ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, அதே மாதம் 11ஆம் தேதியிட்ட முந்தைய உத்தரவைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோயுற்றவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றது. கண்ட தெருவில் உணவிடுவதைத் தடுத்து, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்கவும் பணித்தது. நவம்பர் 7ஆம் தேதி பிறந்த உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. ரயிலடியில் நாள்தோறும் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: பிளாட்பாரத்தில் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வண்டியேறுகிறவர் தர்மம் செய்ததாக எண்ணலாம், ஆனால் அந்த நாயைக் கூட்டத்தின் நடுவே இழுத்து, பயணிக்கும் அதற்கும் ஒருசேர அபாயத்தை விளைவித்துப் போகிறார்.

பசித்த உயிருக்கு இடுவது நம் முன்னோர் நமக்களித்த செல்வம். எதை இடுவது, எங்கே இடுவது என்ற அறிவையும் அச்செல்வத்தோடு சேர்த்து நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமாக. தனக்கு ஆகாதது எதுவென்று அந்தப் பிராணி சொல்லாது; நம் கை இட்டதை நம்பி உண்ணும். அந்த நம்பிக்கைக்குத் தக்கவர்களாக நாம் நடந்துகொள்வதே உண்மையான ஜீவகாருண்யம்.