கொள்ளைநோய்க்கால மூடலில் பல்கலைக்கழக நூலக இரவல் சேவையும் பணியாளர் நிலையும்: அமெரிக்க அனுபவம் குறித்த விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

2020 மார்ச்சில் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் மூடப்பட்டபோது, பூட்டிய அடுக்குகளில் இருந்த நூல்களை இணையவழி இரவலாக வழங்குவதற்கு ஹாத்தி டிரஸ்ட் செய்த ஏற்பாட்டையும், அக்காலத்தில் இரவல் பிரிவுப் பணியாளரின் வேலை மாறிய விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. அச்சுப்படி ஒன்றுக்கு ஒரு வாசகர் என்னும் கணக்கே அச்சேவையின் பலமாகவும் இடர்ப்பாடாகவும் அமைந்தது என்பது இதன் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: நூல் இரவல், கொள்ளைநோய், ஹாத்தி டிரஸ்ட், பதிப்புரிமை, நூற்பட்டி, நூலகப் பணியாளர்

முன்னுரை

நூலகத்தில் இரவல் என்பது எளிய செயலாகவே தோன்றும். வாசகர் நூலை எடுத்துவருகிறார்; பணியாளர் பதிவுசெய்கிறார்; திருப்பித்தரும் நாள் குறிக்கப்படுகிறது. இச்செயலுக்குள் சட்டமும் கணக்கும் பலருடைய உழைப்பும் அடங்கியிருப்பது கதவு மூடப்படும்போதுதான் புலப்படுகிறது. 2020 மார்ச் 17 அன்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் செயற்குழு, நூலகங்களைப் பொதுமக்களுக்கு மூடுவதைப் பரிசீலிக்குமாறு வலியுறுத்தியது. சந்தா செலுத்திப் பெறும் மின்னிதழ்கள் அதன் பின்னரும் கிடைத்தன. இதழ்க் கட்டுரைகளையே பெரிதும் நம்பியிருக்கும் அறிவியல் துறைகளுக்கு அது ஓரளவு போதுமானதாக இருந்தது. இலக்கியம், வரலாறு, மொழியியல் ஆகிய துறைகளின் நிலை வேறு. பதிப்புரிமை முடிவுறாத, ஆனால் மின்வடிவில் விற்பனைக்கு வராத 20ஆம் நூற்றாண்டு நூல்களே அத்துறை ஆய்வாளர்க்குத் தேவைப்பட்டன. அவை அடுக்குகளில் அகப்பட்டுக்கொண்டன.

ஒரு படிக்கு ஒரு வாசகர்

ஹாத்தி டிரஸ்ட் 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து தொடங்கிய மின்னூல் காப்பகமாகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. கொள்ளைநோய் தொடங்கிய காலத்தில் இதில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் தொகுதிகள் இருந்தன. அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்பதால், சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடலாமேயன்றி நூலைத் திறந்து படிக்க இயலாது. இத்தேடல் வசதி நியாயமான பயன்பாடே என்று 2014இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

2020 மார்ச் 31 அன்று ஹாத்தி டிரஸ்ட் நெருக்கடிகாலத் தற்காலிக அணுகல் சேவையைத் தொடங்கியது. எதிர்பாராத மூடலால் பாதிக்கப்பட்ட உறுப்பு நூலகம் ஒன்று, தன் அடுக்கில் ஒரு நூலின் இரண்டு அச்சுப்படிகளை வைத்திருந்தால், அந்நூலின் மின்படியை ஒரே நேரத்தில் அதன் வாசகர் இருவர் மட்டும் படிக்கலாம். இரவல் காலம் ஒரு மணிநேரம். வேறொருவர் காத்திருக்கவில்லையெனில் நீட்டிக்கப்படும். முழு நூலையும் தரவிறக்க இயலாது. நூலகம் வழக்கமான சேவைக்குத் திரும்பியதும் இவ்வசதி நின்றுவிடும்.

இக்கட்டுப்பாடுகள் வாசகருக்கு எரிச்சலூட்டியிருக்கலாம். அவற்றின் பொருளை அறிய அதற்கு முந்தைய வாரத்தில் இன்டர்நெட் ஆர்க்கைவ் எடுத்த முடிவோடு ஒப்பிடவேண்டும். அந்நிறுவனம் மார்ச் 24 அன்று தேசிய நெருக்கடிகால நூலகம் என்ற பெயரில், தன் இரவல் தொகுப்பிலிருந்த சுமார் 14 இலட்சம் நூல்களுக்கான காத்திருப்புப் பட்டியலை நீக்கியது. ஒரு படியைப் பலர் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்றாயிற்று. ஜூன் 1 அன்று நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூன் 16 அன்று அவ்வசதி நிறுத்தப்பட்டது. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பும் 2024 செப்டம்பரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பும் ஆர்க்கைவுக்கு எதிராகவே அமைந்தன. அத்தீர்ப்புகள் நெருக்கடிகால வசதியோடு நில்லாமல், அதற்கு முன்பிருந்த ஒரு படிக்கு ஒருவர் என்ற அந்நிறுவனத்தின் இரவல் முறையையும் ஏற்கவில்லை. ஆகவே எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஒன்றே ஹாத்தி டிரஸ்டைக் காத்தது என்று கூறிவிட முடியாது. மூடப்பட்ட நூலகத்தின் சொந்த வாசகர்க்கு மட்டும், மூடியிருக்கும் காலத்திற்கு மட்டும் என்ற இரு வரம்புகளும் அதனோடு சேர்ந்திருந்தன.

நூற்பட்டிக் குறிப்பின் பங்கு

ஒரு நூலகம் எந்த நூலை எத்தனை படிகள் வைத்திருக்கிறது என்பது ஹாத்தி டிரஸ்டுக்கு எவ்வாறு தெரியும்? உறுப்பு நூலகங்கள் தம் அச்சு நூல் இருப்புப் பட்டியலை முன்பே அனுப்பிவந்தன. உறுப்புக் கட்டணத்தைக் கணக்கிடவும் அப்பட்டியலே பயன்பட்டது. அதிலுள்ள ஓசிஎல்சி பதிவெண், மின்படியின் பதிவெண்ணோடு பொருந்தினால் நூல் திறக்கும். பொருந்தாவிடில் அடுக்கில் நூல் இருந்தும் திறக்காது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டியலாக்குநர் சரியாக இட்ட எண்தான் 2020 ஏப்ரலில் ஓர் ஆய்வு மாணவருக்கு நூலைத் தந்தது. நூலகத்தில் எவர் கண்ணுக்கும் படாத வேலை இதுவென்பதால் இதனை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

தமிழாய்வாளர் இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா செலுத்திய ரூபாயைக் கொண்டு, பிஎல் 480 திட்டத்தின்கீழ் 1962 முதல் இந்திய மொழி நூல்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டன. தமிழ் நூல்களும் அவற்றுள் அடங்கும். மிச்சிகன், கலிபோர்னியா போன்ற பல்கலைக்கழகங்களின் தொகுப்புகள் மின்வருடப்பட்டபோது தமிழ் நூல்களும் ஹாத்தி டிரஸ்டுக்குள் வந்தன. மூடல் காலத்தில் உறுப்புப் பல்கலைக்கழகத்தில் பயின்ற தமிழாய்வு மாணவர் அவற்றைத் திறந்து படிக்க வழி இருந்தது. அந்நூல் அச்சான ஊரிலேயே இருந்த ஆய்வாளருக்குத் தேடல் முடிவாகப் பக்க எண் மட்டுமே கிடைத்தது.

இரவல் பிரிவுப் பணியாளர்

பட்டியலாக்குநரும் ஆய்வுதவி நூலகரும் கணினியை வீட்டிற்கு எடுத்துச்செல்லலாம். நூலை அடுக்குபவர், மேசையில் பதிவுசெய்பவர், திரும்பிய நூலைச் சரிபார்ப்பவர் ஆகியோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. திருப்பித்தரும் நாளைத் தள்ளிவைத்தல், தண்டத்தொகையை நீக்குதல் ஆகிய பணிகள் சில நாட்களில் முடிந்துவிடும். அதன்பின் அவர்களுக்கு என்ன வேலை தருவது, ஊதியத்தை எதன்பேரில் வழங்குவது என்ற வினா எழுந்தது. பட்டியல் பிழைகளைத் திருத்துதல், உரையாடல் வழியாக வினாக்களுக்கு விடையளித்தல் போன்ற பணிகளை அவர்களுக்குப் பகிர்ந்தளிப்பது ஒரு வழி. பதிவெண் பொருத்தமே இரவலாகிவிட்ட சூழலில், திருத்தப்பட்ட ஒவ்வொரு குறிப்பும் சேவையோடு நேரடித் தொடர்புடையது. அதைப் பொழுதுபோக்க இட்ட வேலையாகக் கருதுவது பொருந்தாது.

அமெரிக்க நூலக மேசைகளில் பணிபுரிவோரில் கணிசமானோர் மாணவர்கள். கூட்டரசின் வேலையுடன் படிப்புத் திட்டத்தில் ஊதியம் பெறுபவர்கள். 2020 மார்ச் 27 அன்று சட்டமான கேர்ஸ் சட்டம், வேலைக்கு வர இயலாத அம்மாணவர்க்கும் தொடர்ந்து ஊதியம் வழங்கக் கல்வி நிறுவனங்களுக்கு இடமளித்தது. கட்டாயப்படுத்தவில்லை. அதே மாதம் 18ஆம் நாள் சட்டமான மற்றொன்று, இரண்டு வாரம் வரை ஊதியத்துடன் கூடிய நோய்விடுப்பைத் தந்தது. ஆனால் தனியார் துறையில் 500 பேருக்குக் குறைவானோரைப் பணியமர்த்தியவர்களையே அது கட்டுப்படுத்தியது. அரசுப் பல்கலைக்கழக ஊழியருக்குக் கிடைத்த உரிமை, பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் அதே வேலை செய்தவருக்குச் சட்டப்படி கிட்டவில்லை; நிர்வாகத்தின் விருப்பத்தையே அவர் நம்பியிருக்கவேண்டியதாயிற்று.

நூலைத் தொடும் அச்சம்

கட்டடத்திற்குத் திரும்பிய பணியாளரின் முதல் கேள்வி, திரும்பிவரும் நூலில் நோய்க்கிருமி இருக்குமா என்பதே. ஓசிஎல்சி, அமெரிக்க அருங்காட்சியக நூலகச் சேவை நிறுவனம், பேட்டல் ஆய்வகம் ஆகியவை இணைந்து ரீல்ம் என்னும் திட்டத்தில் இதனைச் சோதித்தன. முதற்சோதனையில், தனித்தனியாகப் பரப்பி வைத்த அட்டை, தாள், நெகிழியுறை ஆகியவற்றில் மூன்று நாட்களுக்குப் பின் கிருமி தென்படவில்லை. பின்னர் நடந்த நான்காம் சோதனையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நூல்களில் ஆறு நாட்களுக்குப் பின்னும் தென்பட்டது. எந்த நூலகமும் திரும்பிய நூல்களை அடுக்கித்தானே வைக்கும்! தனிமைப்படுத்தும் நாட்களை நீட்டிப்பதா, நூல்களைப் பரப்பி வைக்க இடம் தேடுவதா என்று இரவல் பிரிவுகள் திண்டாடின. பரப்புகள் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அதுவரை அச்சத்தோடு நூலை எடுத்துவைத்தவர் கடைநிலைப் பணியாளரே.

வாசலில் வழங்கலும் முரணும்

2020 கோடையில் பல நூலகங்கள் முன்பதிவு செய்த நூலை வாசலில் வைத்துக் கொடுக்கத் தொடங்கின. இங்குதான் ஒரு படிக்கு ஒருவர் என்னும் கணக்கு இடறியது. மின்படியை ஒருவர் படிக்கும் நேரத்தில் அச்சுப்படி மற்றொருவர் கையில் இருக்கக்கூடாது. எனவே ஹாத்தி டிரஸ்டில் திறந்திருந்த நூல்களை அச்சில் தருவதைப் பல நூலகங்கள் நிறுத்திவைத்தன. மங்கலான மின்வருடல், தெளிவற்ற வரைபடம், நாள் முழுதும் திரையில் படிக்க இயலாத கண் எனப் பல காரணங்களால் அச்சுநூலையே கேட்ட ஆய்வாளருக்கு, அடுக்கில் இருக்கும் நூலை ஏன் தரமுடியாது என்று பணியாளர் விளக்கவேண்டியிருந்தது. அவ்விளக்கத்தை எளிய மொழியில் எழுதி மேசைப் பணியாளர் கையில் தருவது நிர்வாகத்தின் கடமை. சட்டநுணுக்கத்தை விளக்கும் சுமையை ஊதியம் குறைந்தவர்மீது இறக்குவது முறையன்று.

இந்திய நிலை

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மின்னிதழ்களை வீட்டிலிருந்தே அணுக இன்ஃபிளிப்நெட் மையத்தின் ஏற்பாடு உதவியது. அச்சில் மட்டுமுள்ள தமிழ் நூலுக்கு அது வழியாகாது. 2012 திருத்தத்திற்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(n) பிரிவு, வணிகநோக்கமற்ற பொதுநூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்பிற்காக மின்வடிவில் சேமிக்க அனுமதிக்கிறது. அதனை வாசகருக்கு இரவலாகத் தருவது பற்றி அப்பிரிவு பேசவில்லை. அடுத்த உட்பிரிவு, நாட்டில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை நூலகப் பயன்பாட்டிற்காக மூன்று படிகள் வரை எடுக்க இடமளிக்கிறது. பல்கலைக்கழக நூலகங்கள் இவ்விரு விதிகளின் எல்லைக்குள் எதைச் செய்யலாம் என்பதைச் சட்ட அறிஞரோடு கலந்து முடிவுசெய்யும் முன், தம்மிடமுள்ள தமிழ் நூல்களின் இருப்பைப் பிழையற்ற பதிவெண்ணுடன் ஒரே பட்டியலில் கொண்டுவருதல் உடனடியாகத் தொடங்கக்கூடிய பணியாகும். மூடல் காலத்தில் வேலையின்றி இருத்தப்பட்ட இரவல் பிரிவுப் பணியாளர் அப்பணிக்கு ஏற்றவர். அடுக்கில் எது எங்கே இருக்கிறது என்பதை அவர்களே அறிவர்.