சுவரில் தொங்கும் சான்றிதழைப் படித்துப் பாருங்கள்

"ஊருக்குப் பக்கத்திலேயே ஏ.பி.ஏ. தெரபி கொடுக்கிறாங்களாம், பிள்ளையைச் சேர்க்கலாமா டாக்டர்?" அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கமிருந்து வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. குழந்தை எப்போது, எதனால் ஒருவிதமாக நடந்துகொள்கிறது என்று குறித்துவைத்து, சிறுசிறு படிகளாகப் பழக்கும் நடத்தைப் பகுப்பாய்வு முறையே ஏ.பி.ஏ. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இது வாரத்தில் பல மணி நேரம் தரப்படுவதுண்டு. நடந்ததை வீட்டில் வந்து சொல்ல இயலாத குழந்தைகள் அவர்களுள் பலர். ஆகவே, பயிற்சி தருபவர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள் என்கிறோம்.

மருத்துவருக்கு இருப்பதுபோல் இவர்களுக்கும் பதிவு எண் உண்டா? ஓரளவே உண்டு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டப்படி, மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் முதலியோர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்த பின்னரே பணியாற்றலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (அபராதத் தொகைக்கு இன்று யாரும் அஞ்சப்போவதில்லை.) ஆனால், நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தனிப்பிரிவு அப்பதிவேட்டில் இல்லை. அப்பெயர், இணை மருத்துவத் தொழில்களுக்கென 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளது. ஒவ்வொரு மாநிலமும் மன்றம் அமைத்துப் பதிவேடு பேண வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

சில மையங்களில் 'பி.சி.பி.ஏ.' என்னும் அமெரிக்கச் சான்றிதழைக் காட்டுவார்கள். அது படிப்புக்கும் பயிற்சிக்கும் சான்று. இந்திய உரிமம் அன்று. அதை வழங்கும் வாரியம் 2023 முதல் இந்தியாவில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. முன்னரே பெற்றவரின் சான்று இன்னும் செல்லுபடியாகிறதா என்பதை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். 40 மணி நேரப் பயிற்சி மட்டும் முடித்தவர் உதவியாளரே. மேற்பார்வையின்றி அவரிடம் குழந்தையை ஒப்படைப்பது சரியன்று.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மறுவாழ்வு மன்றத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதால், கெடு தேதியையும் கவனியுங்கள். பயிற்சித் திட்டத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பயிற்சி நடக்கும்போது அருகிலிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். "பெற்றோர் இருந்தால் பிள்ளை ஒத்துழைக்காது" என்று ஒருநாளும் அனுமதிக்காத மையத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பதிவு பெற்றவர் முறைகேடாக நடந்தால் மறுவாழ்வு மன்றத்துக்கு எழுதலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். குழந்தையின் உடலில் அடித்த தடம் தெரிந்தால் மனு எழுதிக்கொண்டிராமல் உடனே 1098 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.