பிளாட்டினத்துக்குப் போட்டியாக இரும்பு!

காரின் சைலன்சரிலிருந்து புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டினால் எப்படி இருக்கும் குட்டீஸ்? அப்படிப்பட்ட கார்கள் ஏற்கெனவே வந்துவிட்டன! 2014-ல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'மிராய்' அவற்றில் ஒன்று.

இந்தக் காருக்குள் இருப்பது எரிபொருள் மின்கலம். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இதில் சேர்ந்து தண்ணீராகும்போது மின்சாரம் கிடைக்கிறது. ஆனால், ஆக்சிஜன் கொஞ்சம் சோம்பேறி! லேசில் வினைபுரியாது. அதைத் தட்டியெழுப்ப ஒரு வினையூக்கி தேவை. அந்த வேலையைச் செய்வது பிளாட்டினம். அதுவோ நகைக்கடையில் விற்கும் விலை உயர்ந்த உலோகம்!

மலிவான இரும்பைப் பயன்படுத்தக் கூடாதா? பயன்படுத்தலாம். ஆனால், இரும்பு அணுக்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகிவிட்டால் வேலை நடக்காது. அவற்றைத் தனித்தனியே உட்கார வைக்க வேண்டும். அவ்வளவு சின்ன அறைகளுக்கு எங்கே போவது?

இங்கேதான் 'உலோகக் கரிமக் கட்டமைப்பு' உதவுகிறது. உலோக அணுக்கள் தூண்கள்; கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் உத்திரங்கள். நடுவில் எல்லாம் காலி அறைகள்! இப்படி ஒரு பொருளின் சில கிராமுக்குள் கால்பந்து மைதானம் அளவு பரப்பு அடங்கிவிடும்.

இந்த யோசனை எப்படி வந்தது தெரியுமா? 1974-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன், மாணவர்களுக்கு அணு மாதிரிகள் செய்ய மர உருண்டைகளில் துளை போடச் சொன்னார். துளைகளைச் சரியான இடத்தில் போட்டால், குச்சிகளைச் செருகியதும் வடிவம் தானாகவே சரியாக அமைவதைக் கவனித்தார். நிஜ அணுக்களையும் இப்படி அடுக்கினால் என்ன என்று யோசித்தார். 2025-ல் அவருக்கும், ஜப்பானின் சுசுமு கிடகாவா, அமெரிக்காவின் ஒமர் யாகி ஆகியோருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இரும்புக்கு வருவோம். துத்தநாகத் தூண்கள் கொண்ட ஒரு கட்டமைப்பில் சிறிது இரும்பைச் சேர்த்து, காற்றுப்படாமல் ஏறக்குறைய 1,000 டிகிரியில் சுடுகிறார்கள். துத்தநாகம் ஆவியாகிவிடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த கரி. அதில் இரும்பு அணுக்கள், நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே தனித்தனியே பதிந்திருக்கும். கனடா விஞ்ஞானிகள் 2011-ல் இந்த வழியில் செய்த வினையூக்கி, மின்சாரம் தருவதில் பிளாட்டினத்தை நெருங்கியது!

ஒரே ஒரு சிக்கல். மின்கலத்துக்குள் அமிலத்தன்மை அதிகம். பிளாட்டினம் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. இரும்போ சீக்கிரம் வலுவிழக்கிறது. அதன் ஆயுளைக் கூட்டும் முயற்சி உலகெங்கும் நடக்கிறது.

அடுத்த முறை அறிவியல் வகுப்பில் உருண்டையும் குச்சியும் கையில் கிடைத்தால், அந்தத் துளைகளை நன்றாக உற்றுப் பாருங்கள். யார் கண்டது, இரும்பின் ஆயுளைக் கூட்டும் வழி உங்களுக்கே தோன்றலாம்!