முத்துக்கரை – 14: கூலி பெற்ற குரல்

அண்ணன் பாட்டை எதிர்த்ததால் சூர் துறைமுகத்தில் கப்பலேறிய சலீம் ராஷித் சூரியோடு சென்ற வாரம் நின்றோம். 1910-இல் ஓமானில் பிறந்து, 'பாடும் மாலுமி' என்று வளைகுடா முழுக்கப் பெயரெடுத்தவர். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் அவரைப் பம்பாய் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கேள்வி குறுக்கே வந்துவிட்டது. தூத்துக்குடிக்கும் முத்துக்குளிப்பு இருந்தது, பாய் விரித்த தோணி இருந்தது, கடலிலே பிறந்த பாட்டும் இருந்தது. அந்தக் கடலிலிருந்து ஒருவர் இசைத்தட்டு வரைக்கும் போனார். இந்தக் கடலிலிருந்து ஏன் யாரும் போகவில்லை?

அங்கே குரலுக்குக் கூலி இருந்தது என்பதே என் பதில். வளைகுடாவின் பெரிய முத்துக் கப்பல்களில் 'நஹ்ஹாம்' என்றொருவர் இருப்பார். பாடுவதுதான் அவர் வேலை. பருவ வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டு. நல்ல நஹ்ஹாமைத் தன் கப்பலுக்கு இழுக்கக் கப்பல் தலைவர்களுக்குள் போட்டியே நடக்கும். கோடையில் ஏறக்குறைய நான்கு மாதம் கரை காணாத கூட்டத்தைத் துடுப்புப் போடவும் பாய் இழுக்கவும் வைக்க வேறு வழி கிடையாது. மன்னார் வளைகுடாவில் நடைமுறையே வேறு. சில வாரக் குளிப்பு. இரவில் கரைக்காற்றோடு கிளம்பிப் பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பிவிடலாம். பாடகனைச் சம்பளத்துக்கு வைக்கத் தேவையே எழவில்லை. ஆனால் இங்கேயும் வாயால் பிழைத்த ஒருவர் இருந்தார்: சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டி! 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ கணக்கையே எழுதிவைத்திருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் திருட்டுத்தனமாக யாரும் மூழ்கிவிடக் கூடாதென்று மாலையில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். சுறாவை வைத்தே காவல் போட்ட அந்தச் சாமர்த்தியத்தை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. இங்கிலீஷ்காரர் ஆட்சியிலும் கடல்கட்டிக்கு ஊதியம் தொடர்ந்தது. அங்கே பாட்டுக்குப் போன பங்கு இங்கே மந்திரத்துக்குப் போனது.

நம் கரையின் அம்பாப் பாட்டை விட்டுவிட்டீர்களே என்று கேட்கலாம். விடவில்லை. வலை இழுப்பவர் எல்லாரும் பாடியது அது. ஒருவர் தொடங்க மற்றவர் ஏற்பார்கள், தொடங்கியவருக்குத் தனிப் பங்கு இல்லை. எல்லாருடைய பாட்டில் ஒருவருக்கு மட்டும் பிழைப்பு எப்படி அமையும்? அரபிகளுக்கு இசை ரத்தத்திலேயே ஊறியது என்பது சோம்பேறி விளக்கம். 1900-களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் அரபிகளும் தமிழரும் ஒரே முத்துப் பாரில் மூழ்கினார்கள்; அரபி மூக்கில் கவ்வி மாட்டினார், தமிழர் விரலால் பொத்தினார். வேறுபட்டது பழக்கம்தான், ரத்தமல்ல.

கனமான மறுப்பு இன்னொன்று. சூரி முத்துக் கப்பலின் நஹ்ஹாம் அல்ல, மாலுமி. பாட்டுக்கு அங்கே அவ்வளவு மதிப்பென்றால் சொந்த அண்ணனே ஏன் எதிர்க்க வேண்டும்? கப்பலில் பாடுவது உழைப்பு, கரையில் ஊது வாத்தியத்தோடு உட்கார்ந்து பாடுவது அவமானம் என்ற பிரிவினை அந்தச் சமூகத்தில் இருந்தது. (இந்த 'ஊது' குழலல்ல, வீணை போன்ற நரம்புக் கருவி.) கடலில் விலைபோன குரலைக் கரையிலும் விற்க ஓர் அந்நியத் துறைமுகம் வேண்டியிருந்தது, பம்பாய் அதைக் கொடுத்தது. அரபு முத்து வணிகரும் மாலுமிகளும் நிறைந்த ஊர்; 'ஸவ்த்' என்ற வளைகுடா இசையின் முன்னோடி குவைத்தின் அப்துல்லா அல் ஃபராஜ் வளர்ந்ததும் அங்கேதான். நீராவிக் கப்பலில் கொதிகலன் வேலை, அரபு வணிகருக்குத் தரகு என்று அலைந்த சூரியை 1930-களில் எச்.எம்.வி. பதிவு செய்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சூரி 1979 வரை வாழ்ந்தார். அவர் பதிவுகளும், சொந்தமாகத் தொடங்கிய 'சலீம்போன்' இசைத்தட்டு நிறுவனமும் அடுத்த வாரத்துக்கு.