நோய்க்கு ஊர்ப்பெயர் வைத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

ஆசிரிய நண்பர்களே, கோவிட் காலத்தில் மேலை நாடுகளில் ஆசியர்களைக் கண்டபடி ஏசினார்கள் என்று படித்திருப்பீர்கள். நம் பக்கத்திலும் அது நடந்தது. 2020இல் கெடாவில் பரவிய தொற்றுக்குச் 'சிவகங்கா திரள்' என்று பெயர் வந்தது. தனிமைப்படுத்தும் விதியை மீறியவர் ஒருவர். ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் அவருக்குத்தான். பெயரோ ஒரு தமிழ் ஊரின் தலையில் விழுந்தது.

2021 மே மாதம் 'இந்திய வகை' என்று எங்கும் பேச்சு. அப்போதுதான் சிங்கப்பூரில் நடைப்பயிற்சி செய்த 55 வயது இந்தியப் பெண்ணை ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்டி மார்பில் உதைத்தான். அதே மாதம் 31ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் அந்த வகைக்கு 'டெல்டா' என்று பெயரிட்டது.

இது மனத்தை எப்படித் தாக்குகிறது? திட்டு ஒரு நிமிஷம்தான். "அடுத்து எப்போ சொல்வாங்க?" என்ற பதற்றம் பல நாள் நிற்கும். தூக்கம் கெடும், பாடத்தில் மனம் ஒட்டாது. சிறு பிள்ளைகள் அதைத் தலைவலி, வயிற்றுவலி என்றுதான் சொல்வார்கள். இன்னும் ஒன்று: தன் பெயரையும் மொழியையும் நினைத்தே பிள்ளை கூசத் தொடங்கும். பாலோ மாதிரிச் சிற்றூரில் கேலி செய்தவனும் கேலிக்கு ஆளானவனும் ஒரே பஸ், ஒரே கடை. ஒதுங்கிப் போக இடமில்லை.

நாம் என்ன செய்யலாம்?

1. "விளையாட்டுக்குத்தானே சொன்னான், விடு" என்று சொல்லாதீர்கள். தனியாக அழைத்து, "என்ன சொன்னாங்க, உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள்.

2. கேலி காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எந்தச் சொல் தவறு, ஏன் தவறு என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் சீன நண்பனையோ ரோஹிங்யா பிள்ளையையோ அப்படிச் சொன்னாலும் இதே விதிதான்.

3. தூக்கம், சாப்பாடு, பள்ளி வருகை இரண்டு வாரமாக மாறியே இருந்தால் ஆலோசக ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். பெற்றோருக்கு 'தாலியான் காசே' 15999 எண்ணையும் கொடுங்கள்.

4. வகுப்பில் 1918ஆம் ஆண்டு 'ஸ்பானிஷ் காய்ச்சலை'ப் பேசுங்கள். போரில் சேராத ஸ்பெயினின் பத்திரிகைகள் மறைக்காமல் எழுதின. பழி அந்த நாட்டுக்கே வந்தது. பிறகு ஊர்ப்பெயர் உள்ள ஒரு செய்தித் தலைப்பைக் கொடுத்து, உண்மை குறையாமல் திருத்தி எழுதச் சொல்லுங்கள். கட்டுரைப் பயிற்சியும் ஆகும். ஒரு சொல் யாரைக் காயப்படுத்துகிறது என்று பார்க்கும் பழக்கமும் வரும்.