ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். அதன் சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸும் தப்பாகத் தட்டியது. கேட்டவர் குளம்பைப் பார்க்கச் சற்றுக் குனிவார். சரியான எண் வந்ததும் தன்னை அறியாமல் இம்மியளவு தலை நிமிர்வார். அவ்வளவுதான், ஹான்ஸ் தட்டுவதை நிறுத்திவிடும்.

குதிரைக்கு அறிவில்லை என்பதோடு கதையை முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், அங்கேதான் கதை தொடங்குகிறது. மனிதன் மறைக்கத் தெரியாத பதற்றத்தை அது படித்துக்கொண்டிருந்ததே!

2016இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளிடம் மனித முகப் படங்களைக் காட்டினார்கள். ஒன்று சிரித்த முகம், மற்றொன்று பல்லைக் கடிக்கும் கோப முகம். கோப முகத்தைக் கண்டதும் குதிரைகள் தலையைத் திருப்பி இடக்கண்ணால் பார்த்தன. இதயத்துடிப்பும் சட்டென ஏறியது. குதிரையின் இடக்கண் காண்பது பெரும்பாலும் மூளையின் வலப்பாதிக்குப் போகிறது. பல விலங்குகள் ஆபத்தை எடைபோடுவது அந்தப் பாதியில்தான்.

2018இல் அதே குழு ஒரு படி மேலே போனது. காலையில் படம்; சில மணி நேரம் கழித்துப் படத்தில் இருந்தவரே நேரில், எந்த உணர்ச்சியும் காட்டாமல் வந்து நிற்பார். காலையில் கோபப் படம் பார்த்த குதிரைகள் அவரை மறுபடி இடக்கண்ணால் உற்றுப் பார்த்தன. எந்தப் படம் காட்டப்பட்டது என்பது அவருக்கே சொல்லப்படவில்லை. ஹான்ஸ் புகட்டிய பாடம்!

குதிரையின் முகமும் சும்மா இருப்பதில்லை. அதில் 17 வகை அசைவுகளை 2015இல் பட்டியலிட்டிருக்கிறார்கள், நாய்க்கு 16தான். வலியில் காதுகள் விறைத்துப் பின்னே போகும், கண்ணைச் சுற்றி இறுகும், தாடைத் தசை புடைக்கும். மாறாக, பிடரி மயிர் முடியும் மேட்டில் சொறிந்துகொடுத்தால் இதயத்துடிப்பு தணியும். இன்னொரு குதிரை பல்லால் வருடிவிடுவதும் அந்த இடத்தில்தான்.

துடிப்பு ஏறுவதை வைத்து, நாம் அஞ்சுவதுபோலவே அது அஞ்சுகிறது என்று சொல்லிவிட முடியாது. அச்சமும் இதமும் அதற்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ‘வீம்பு பிடிக்குது’, ‘பழிவாங்குது’ என்கிறோமே, அது நம் மனதை அதன்மேல் ஏற்றுவது. கடிக்க வரும் குதிரைக்குச் சவுக்கை எடுக்குமுன் சேணத்தைக் கழற்றி முதுகைப் பார்ப்பது நல்லது.

விருப்பத்தைக் குதிரையிடமே கேட்டுப் பார்த்தவர்கள் நார்வேக்காரர்கள். போர்வை போர்த்து, எடு, இப்படியே இருக்கட்டும் என்று மூன்று குறிகள் வரைந்த பலகைகள். 23 குதிரைகளும் இரண்டே வாரத்தில் மூக்கால் தொட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டன. மழையும் குளிர்காற்றுமான நாளில் போர்வை கேட்டன. வெயிலடித்தால் எடுக்கச் சொல்லின. பலகையைக் காட்டும் முன்பே பயிற்சியாளரின் கவனத்தை இழுக்கப் பார்த்த குதிரைகளும் அதில் உண்டு.